கடலடி மீன்களின் வயதறிதல்

மாட்டின் வயதைப் பல்லிலும், மரத்தின் வயதை அடிமர வளையத்திலும் காண்கின்றோம். கடலடியில் வாழும் மீனின் வயதை எங்ஙனம் அறிவது? நீளத்தைக்கொண்டு கணிக்கலாமெனச் சிலர் எண்ணக்கூடும். இளமீனுக்கு அஃது ஓரளவு பொருந்தும். முழுநீளம் எய்திய மீனோ பல்லாண்டு அவ்வளவிலேயே நின்று வாழ்தலுமுண்டு.

மீன்தலையை உண்போர் பல்லில் வெண்ணிறக் கல்லொன்று அகப்படுவதுண்டு. அதுவே செவிக்கல். கல்சியம் காபனேற்றாலான இக்கல், மீன் வளர வளரப் படைபடையாகத் தடிக்கின்றது. குளிர்நாட்டுக் கடல்களிலே கோடையில் அகன்ற படையும் மாரியில் ஒடுங்கிய படையும் உண்டாகும். இரண்டுஞ் சேர்ந்தது ஓராண்டு. 1899 ஆம் ஆண்டிலே செருமானியரான ரைபிசு என்பார், பிளேயிசு என்னும் தட்டைமீனின் செவிக்கல்லில் இவ்வளையங்களைக் காட்டினார். செதிலிலும் வளையங்கள் உள. ஆயின் செதில் உதிர்ந்து மீள முளைப்பது. செவிக்கல்லோ ஒருகால் இட்ட படையை இழப்பதில்லை. (நமது வெப்பக் கடல்களிற் பருவ வேறுபாடு சிறிதாகலின், வளையங்கள் பெரும்பாலும் இத்துணைத் தெளிவாய்த் தோன்றா என்பதை மாணவர் நினைவிற்கொள்க.)

எண்ணுவதில் வழுநேரின் விளையும் கேட்டுக்கு நியூசீலந்துக் கடல் சான்று. 1979 ஆம் ஆண்டளவில், ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஆழத்தில் வாழும் 'ஒறேஞ்சு ரவ்வி' என்னும் செந்நிற மீனை அங்கே இழுவை வலைகொண்டு பெருந்தொகையாகப் பிடிக்கத் தொடங்கினர். கல்லின் மேற்பரப்பை மாத்திரம் நோக்கி எண்ணியோர், இம்மீன் இருபது முப்பது ஆண்டே வாழுமென்றனர். முதிர்ந்த மீனின் கல் நீள்வதில்லை, உட்புறமாகவே தடிக்கின்றது. பிந்திய வளையங்கள் மேற்பரப்பிற் புலப்படா. கல்லைக் குறுக்கே மெல்லிய தகடாக அறுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது வளையங்கள் நூற்றைத் தாண்டின!

இதனை ஐயுற்றோர் பலர். அவ்வையம் நியாயமானதே, வளையமொன்று ஆண்டொன்றெனக் கூறியவர் யார்? ஆகவே 1991 இல் அவுத்திரேலிய ஆய்வாளர் சிலர் வளையத்தை எண்ணாத வழியொன்றை நாடினர். கல்லினுட் புகும் இரேடியம்-226 சிறிது சிறிதாகத் தேய்ந்து, ஈயம்-210 ஐத் தோற்றுவிக்கும். இவ்வீயத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 22 ஆண்டு. இரண்டன் கதிர்த்தொழிற்பாடும் எவ்வளவுக்கு நெருங்கியுளவோ அவ்வளவுக்குக் கல் பழையது. இவ்வளவையும் நூறாண்டுக்கு மேற்பட்ட வாழ்வையே காட்டிற்று.

முப்பது வயதளவில் முதன்முறை முட்டையிடும் மீனை, விரைந்து பெருகுவதாக மதித்து அள்ளிவிட்டனர். நியூசீலந்தின் மேற்கேயுள்ள சலஞ்சர் மேட்டிலே இம்மீன்பிடி 2000 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, 2010 இற் சிற்றளவில் மீளத் தொடங்கிற்று. நிறுத்திய ஆண்டிற் பொரித்த குஞ்சுகள் அப்போதும் முட்டையிடும் பருவத்தை எய்தியிருக்கவில்லை.