உலக சுகாதார சபையில் நாற்காலி இல்லாதவர்கள்



ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பல தேசத்தார் ஒரே இடத்தில் கூடும்போது ஒருவருடைய நோய் எல்லோருடைய கவலையாகிவிடுகிறது. ஓரிடத்தில் நோய் கிளம்பினால் மற்ற இடங்களுக்கு உடனே தகவல் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் செய்யும் முக்கியமான வேலைகளில் அது ஒன்று. ஆனால், ‘நாடு’ என்று உலகம் ஏற்காத பகுதியில் நோய் வந்தால் என்ன ஆகும்?

தைவானைப் பார்ப்போம். 1971இல் ஐ.நா. சபையில் சீனாவின் இடம் பீஜிங் அரசுக்குப் போனது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனத்திலும் அப்படியே ஆயிற்று. தைவானில் வாழும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அந்த அமைப்புக்கு வெளியே நின்றார்கள்.

2003 மார்ச்சில் சார்ஸ் நோய் அங்கே நுழைந்தது. ஏப்ரல் 24 அன்று தைபே நகரின் ஹோப்பிங் மருத்துவமனையை இழுத்து மூடினார்கள். உள்ளே நோயாளிகளும் ஊழியர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல் சிக்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போயிருந்த ஊழியர்களையும் திரும்பி வரச் சொன்னார்கள். அவர்களின் பிள்ளைகள் வீட்டில் எப்படித் தவித்திருப்பார்கள்! அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வல்லுநர்கள் மார்ச்சிலேயே போய்விட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் மே மாதத் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து கடைசியாக, ஜூலை 5 அன்று, நீங்கியதும் தைவான்தான்.

தைவான் தனி நாடா, சீனாவின் பகுதியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அந்த வழக்கு முடியும்வரை காய்ச்சல் காத்திருக்காது என்பதே நம் கவலை. வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2009 முதல் 2016 வரை ‘சைனீஸ் தைபே’ என்ற பெயரில், வாக்குரிமை இல்லாத பார்வையாளராக, தைவான் ஆண்டுக் கூட்டத்தில் அமர்ந்தது. பெயரைச் சற்று மாற்றியதில் இருதரப்பும் இறங்கி வர முடிந்தது.

நம் நெஞ்சுக்கு நெருக்கமான பாலஸ்தீனமும் அந்த நிறுவனத்தில் முழு உறுப்பினர் இல்லை, பார்வையாளர்தான். ஆனாலும் 2024 கோடையில் காஸாவின் கழிவுநீரில் போலியோ கிருமி தென்பட்டபோது யாரும் உறுப்பினர் அட்டையைக் கேட்கவில்லை. பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் செயலிழந்தது. அதன் மாதிரி ஜோர்டான் ஆய்வகத்துக்குப் போய், போலியோ என்று உறுதியானது. காஸாவில் 25 ஆண்டுகளில் அதுவே முதல் போலியோ பாதிப்பு. செப்டம்பர் 1 முதல், குண்டுவீச்சைப் பகுதி பகுதியாகச் சில மணி நேரம் நிறுத்தச் செய்து, முதல் சுற்றிலேயே ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

அதே நிறுவனத்தின் ஜெனீவா கூட்டத்துக்கு 2017 முதல் தைவானுக்கு அழைப்பு இல்லை. பார்வையாளராகவாவது சேர்க்கும்படி நட்பு நாடுகள் கொண்டுவரும் கோரிக்கை, நிகழ்ச்சி நிரலில் ஏறாமலே திரும்பிவிடுகிறது.