பவர் வீடரில் இரண்டு நட்டு



நம் குழுக்களில் சிலர் கடன் எடுத்து, களை எடுக்கும் பவர் வீடர் வாங்கி வாடகைக்கு விட்டு வருகிறோம். வண்டி நின்னு போனாலும் வட்டி நிற்காது என்பது நமக்குத் தெரியும். அதனால் இந்த மாதப் பாடத்தில் ஸ்பேனரைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். தையல் மிஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை.

முதலில் எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறோம், கொஞ்சம் வெட்கத்தோடுதான். பருத்திக்குக் களை எடுக்கும் சீசன். வண்டி திடீரென்று உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். சோக் போட்டு வைத்தால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும். வண்டி ஓட்டுகிற தங்கச்சி மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்துட்டா" என்று ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் ஆமாம் போட, கூட்டத்தில் அபராதத் தீர்மானமே எழுதிவிட்டோம். டவுனில் ஒரு கடையில் கார்புரேட்டரையும் புதிதாக மாற்றினோம். நாலு நாள் நன்றாக ஓடியது. அஞ்சாம் நாள் பழைய கதைதான்.

கோளாறு கார்புரேட்டரில் இல்லை. அதைப் பிடித்து நிற்கிற இரண்டு நட்டு தளர்ந்திருந்தது. கடையில் மாற்றும்போது நட்டை இறுக்கியதால் நாலு நாள் ஓடியது. பழைய கிழிந்த பேக்கிங்கையே திரும்பப் போட்டதால் மறுபடி தளர்ந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? என்ஜின் மூச்சு விடுகிற வழியைப் பாருங்கள். காற்று ஏர் பில்டரில் நுழைந்து, தூசி வடிந்து, கார்புரேட்டருக்கு வருகிறது. அங்கே பெட்ரோலோடு கலந்து, ஒரு கறுப்பு நிற இன்சுலேட்டர் துண்டைத் தாண்டி என்ஜின் ஹெட்டுக்குள் போகிறது. பெரிய வண்டியில் இந்த இடத்தில் இன்டேக் மேனிபோல்ட் என்று கிளை பிரிந்த குழாய் இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய பேக்கிங் உண்டு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். நட்டு தளர்ந்தால் கார்புரேட்டருக்குப் பிறகு, கணக்கில் வராத காற்று இடுக்கு வழியாக உள்ளே போகிறது. காற்று கூடி பெட்ரோல் குறைகிறது. அதனால்தான் உறுமி உறுமி அடங்குகிறது. சோக் போட்டால் கார்புரேட்டர் வழியாக வருகிற காற்று குறைந்து, பெட்ரோல் கூடுதலாக இழுக்கப்படுகிறது. அதனால்தான் சோக்கில் மட்டும் ஓடுகிறது.

இதை அப்படியே விட்டு ஓட்டினால் என்ஜின் அளவுக்கு மேல் சூடாகும், வால்வு கருகவும் கூடும். அதைவிடப் பெரிய நஷ்டம் தூசி. இடுக்கில் போகிற காற்று பில்டரைப் பார்த்ததே இல்லை. காட்டுப் புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடுகிற நாலு ஸ்ட்ரோக் என்ஜின் 1500 தடவை மூச்சு இழுக்கிறது. எவ்வளவு புழுதி போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். டீசல் என்ஜின் வைத்திருக்கிற குழுக்களே, உங்களுக்குக் கார்புரேட்டர் இல்லை. ஆனாலும் ஏர் பில்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் போல்ட் தளர்ந்தால் இதே தேய்மானம்தான். ரிங் தேய்ந்து, ஆயில் குடித்து, நீலப் புகை விட ஆரம்பிக்கும்.

இனி வேலைக்கு வருவோம். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், பின்னலைக் கட்டுங்கள், கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். என்ஜின் நின்று அரை மணி நேரமாவது ஆறட்டும், சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றுங்கள். இந்தத் தொப்பியைக் கழற்றாமல் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பது எங்கள் குழுவில் சட்டம்.

ஏர் பில்டர் மூடியை எடுத்தால் உள்ளே இரண்டு நட்டு தெரியும். பல வண்டிகளில் ஹெட்டிலிருந்து வருகிற இரண்டு நீளக் கம்பிதான் இன்சுலேட்டர், கார்புரேட்டர், பில்டர் மூன்றையும் கோர்த்துப் பிடிக்கிறது. பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் பொருந்தும். உங்கள் வண்டி வேறு மாதிரி இருந்தால் கையேட்டில் படம் பாருங்கள். கார்புரேட்டரைக் கையால் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சந்தேகமே வேண்டாம்.

இறுக்கும்போது ஒரு நட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் இடுக்கு விழும். நாலைந்து போல்ட் உள்ள மேனிபோல்ட் என்றால் நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறோம். ஹெட் அலுமினியம், அதில் மரை போனால் செலவு பெரிசு. இன்சுலேட்டரும் விரிசல் விடும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு 10 நியூட்டன் மீட்டர். நம்ம பாஷையில் சொன்னால், நட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரைப் பிடித்து, 10 கிலோ எடை அளவுக்கு இழுப்பது. பாதி குடம் தண்ணீரைத் தூக்குகிற பலம் போதும். ஸ்பேனரில் குழாயைச் செருகி இழுப்பது, சுத்தியால் தட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பிறகு மூடி, பிளக் தொப்பி எல்லாம் மாட்டி, பெட்ரோலைத் திறந்து, நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மெதுவான ஓட்டத்தில், சோப்புத் தண்ணீரைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு இணைப்பு ஓரத்தில் மட்டும் தடவுங்கள். நுரை உள்ளே இழுபட்டாலோ, சத்தம் மாறினாலோ இன்னும் கசிகிறது என்று அர்த்தம். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சைலன்சர் பக்கத்தில் அதைச் செய்தால் தீப்பிடிக்கும், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இறுக்கின பிறகும் கசிந்தால் பேக்கிங் போயிருக்கும். கழற்றும்போது எது முன்னால், எது பின்னால் என்று வரிசையாகத் துணியில் அடுக்கி வையுங்கள், எல்லா பேக்கிங்கும் ஒரே மாதிரி இருக்காது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு புதுசு ஒன்றை மட்டும் போடுங்கள். பழசின் மேல் புதுசு வைப்பது, எம்-சீல் அப்புவது நிலைக்காது.

புதுப் பேக்கிங் சூட்டில் அமுங்கும். அதனால் முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, ஒரு தடவை நட்டைச் சரிபாருங்கள். அப்புறம் மாதம் ஒரு முறை போதும். சீசனில் வாரம் ஒரு முறை பார்க்கிறோம், தேதியை வாடகை நோட்டிலேயே எழுதி வைக்கிறோம்.

எங்கள் தங்கச்சிக்குப் போட்ட அபராதத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்மானம் எழுதினோம். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெண்டு கூட்டம் கழித்துத்தான் பழையபடி சிரிக்க ஆரம்பித்தாள்.