பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பெட்ரோல்?

சென்ற ஆண்டு ஆனி மாதம் என் அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். இரண்டு கதவு வண்டி, வெண்ணெய் நிறம், பார்க்கக் கண்ணுக்கு அழகு. இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சித்தப்பா, இதுக்கு எந்தப் பெட்ரோல் போடணும்? 95-ஆ, 100-ஆ?" என்பதுதான்.

"அது இருக்கட்டும், முதல்ல பானெட்டைத் தூக்கு" என்றேன்.

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். முன்சக்கரங்கள்கூட வெளியே தெரியும். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கைக்குட்டையால் துடைத்தேன். துணியில் கறுப்பு மை போல் ஒட்டியது, பெட்ரோல் வாடையும் வந்தது. ரப்பர் உப்பி, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தது. இந்த இஞ்சினில் கார்புரேட்டரும் புகை வெளியேறும் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அங்கே சொட்டும் பெட்ரோல் கொதிக்கும் இரும்பின்மேல் விழும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்து, இந்தக் குழாயை நம்பி வந்திருக்கிறான். அவனிடம் அதைச் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. நம் சங்கத்து அன்பர்களில் இன்னும் இரண்டு பேர் பழைய வண்டி வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959-ல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதே இஞ்சின் குடும்பத்தையும் அதே முன்சக்கர அமைப்பையும் வைத்துச் செய்யப்பட்டதே. நம் நாட்டில் ஹெரால்டு 1961-லிருந்து சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவாயிற்று. இஞ்சின் 948 சி.சி. ஆகவே நம்மவர் கையால் செய்த ஸ்போர்ட்ஸ் கார் உறவுக்காரன் என்று சொல்லலாம். எம்.ஜி., ஸ்பிட்ஃபயர் வைத்திருப்போருக்கும் கீழ்க்கண்டவை பெரும்பாலும் பொருந்தும்.

இனி அவனுடைய கேள்விக்கு வருவோம். ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் அன்று. சிலிண்டருக்குள் அழுத்தும்போது தானாக வெடித்துவிடாமல் தீப்பொறி வரும்வரை பொறுத்திருக்கும் குணத்தின் அளவே அது. ஹெரால்டு இஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 8-க்கு 1. அந்த நாளில் நம் நாட்டில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் இன்றையதைவிடக் குறைவு. அதிலேயே ஓடிய வண்டி இது. பி.எஸ். 6 விதி வைத்த குறைந்தபட்சம் 91. ஆகவே ஆக்டேனுக்காக மட்டும் 100 போடுவது காசுக்குக் கேடு. எம்.ஜி.பி. போன்ற 9-ஐ ஒட்டிய விகிதமுள்ள இஞ்சின்களுக்கு 95 நல்லது. ஏற்றத்தில் தகர டப்பாவில் கடலையைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் வந்தால், ஆக்டேன் போதவில்லை அல்லது இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கிறது என்று பொருள். டைமிங்கை முதலில் பாருங்கள்.

உண்மையான கேள்வி எத்தனாலைப் பற்றியது. நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் இ20 எனப்படும் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, 2025-க்குள் அதுவே எங்கும் சாதாரணப் பெட்ரோல் ஆகிவிட்டது. இதற்கென்று செய்த புதிய வண்டிகளுக்குத் தொல்லை இல்லை. 1960-களில் ரப்பரையும் தக்கையையும் துத்தநாகக் கலவையையும் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனாலை மனத்தில் கொள்ளவில்லை. அந்தக் கால ரப்பர் குழாயும் பம்பு டயாபிரமும் உப்பி நைந்து போகின்றன. தக்கை கேஸ்கெட் கசிகிறது. டாங்கின் உட்புறம் பழைய ஓட்டையை அடைக்கப் பூசிய பூச்சு கரைந்து, பிசின் போல் கார்புரேட்டர் ஜெட்டில் வந்து உட்காருகிறது.

அடுத்தது காற்றுக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு ஏறத்தாழ 13.5. புதிய காரில் கம்ப்யூட்டர் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். ஆகவே கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்து இஞ்சின் சூடாகிறது, காலையில் இருமுகிறது. பிளக் நுனி சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்ட வேண்டும். உதாரணமாக 110 இருந்தால் 115. சோலெக்ஸ் ஜெட் எண் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. மைலேஜ் சற்றுக் குறையும், அதற்கு மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம். எத்தனாலில் வெப்ப சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

மூன்றாவது, தண்ணீர். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதுவே பெரிய பகை. எத்தனால் தண்ணீரை இழுக்கும். பழைய டாங்கின் மூடியில் காற்றுத்துளை உண்டு. பகலில் சூடாகி விரிந்து, இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே வாங்கும். இடவப்பாதி மழையில் மூடிபோட்டு இரண்டு மாதம் நிறுத்திய வண்டியில் தண்ணீர் சேர்ந்து, ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். பம்பு உறிஞ்சுவது அடியிலிருந்துதானே! வண்டி கிளம்பாது, டாங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ரயில்வே டீசல் ஷெட்டில் எரிபொருள் டாங்கின் அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக் காருக்கும் ஆகும்.

நான்காவது கேரளத்துக்கே உரிய வேடிக்கை. வேடிக்கை என்று சொல்வதும் தவறு. இங்கே 2023-ஐ ஒட்டிப் பல கார்களின் பெட்ரோல் ரப்பர் குழாயில் ஊசி குத்தியது போல் துளைகள் கண்டார்கள். செய்தது எலி அன்று, மரத்தைத் துளைக்கும் சிறு வண்டு. வாடும் மரம் வெளிவிடும் எத்தனால் வாடையைத் தேடிப் போவது அந்த வண்டின் சுபாவம். குழாயிலிருந்து அதே வாடை வந்தால் அதற்குப் பட்ட மரம்தான். பலா மரத்தடியிலும் ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்திலும் காரை நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை குழாயைத் தடவிப் பார்க்கவேண்டும்.

ஆகவே வண்டி வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் செலவு டயரோ பெயிண்டோ அன்று. டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர்க் குழாயையும் மாற்றுங்கள். உட்புறம் ஃபுளோரோ ரப்பர் பூசிய, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட குழாயாகக் கேளுங்கள். கடைக்காரர் "இது எல்லாம் ஒண்ணுதான் சாரே" என்பார், அசைய வேண்டாம். பம்பு டயாபிரமும் எத்தனால் தாங்கும் வகையாக இருக்கட்டும். இருக்கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான் வையுங்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்குமா என்றால், இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் சில பெரிய நகரங்களில் தொடங்கிய 100 ஆக்டேன் பெட்ரோல் எத்தனால் கலவாததாக விற்கப்பட்டு வந்திருக்கிறது. 100 போடுவதற்கு ஒரு காரணம் உண்டென்றால் அது இதுதான், ஆக்டேன் அன்று. நீண்ட நாள் நிறுத்திவைக்கும் முன் அதை நிரப்புவது நல்ல வழக்கம். சொன்ன வார்த்தையை நம்பாமல் நீங்களே சோதிக்கலாம். பள்ளி ஆய்வகத்துக் கண்ணாடி அளவுக் குழல் ஒன்றில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல் விட்டு, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலைவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். அடியில் தண்ணீர்க் கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28-ஐ ஒட்டி ஏறினால் அது இ20. திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில், குழந்தைகளை விலக்கிச் செய்யவேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலப் பெட்ரோலில் கலந்த ஈயம் வால்வு உட்காரும் வார்ப்பிரும்பு விளிம்பைத் தேயாமல் காத்தது. 1995-ல் பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்து, 2000-ல் நாடு முழுவதும் அதுவே ஆயிற்று. குழந்தைகளின் மூளைக்கு நல்லது, நம் பழைய சிலிண்டர் ஹெட்டுக்குக் கெட்டது. மெதுவாக ஓட்டினால் தேய்மானம் அதிகமில்லை. தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால்தான் தேயும். கண்டுபிடிப்பது எளிது. ஹெரால்டில் டாப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.010 அங்குலம். அதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எக்ஸாஸ்ட் பக்கம் சுருங்கிக்கொண்டே வந்தால் சீட் தேய்கிறது. அடுத்த முறை ஹெட் இறக்கும்போது கடினப்படுத்திய சீட் வளையம் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அதற்காக இன்றே ஹெட்டை இறக்க வேண்டியதில்லை.

இனி பராமரிப்பு. எண்ணெய் மினரல் வகை 20டபிள்யூ-50 போதும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் வருஷம் ஒருமுறை மாற்றவும். ரேடியேட்டரில் கிணற்று நீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து விடவும். பேட்டரி மாட்டுமுன், வண்டியின் சட்டத்தோடு சேர்த்திருப்பது பாசிட்டிவா நெகட்டிவா என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றி மாட்டினால் டைனமோவும் ரேடியோவும் போகும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு இடத்தை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன்சக்கரம் திரும்புவதற்கு, அடியில் வெண்கலத்தில் செய்த டிரனியன் என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் எஃகுத் தண்டு ஒன்று மரையோடு இறங்கி நிற்கிறது. இதற்கு இ.பி. 90 கியர் எண்ணெய் விடவேண்டும் என்பது விதி. நம் ஊர்ப் பட்டறையில் கிரீஸ் துப்பாக்கியைக் கண்ட இடத்தில் எல்லாம் வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. மேலே வழவழவென்று தெரியும், உள்ளே தண்ணீர் நின்று தண்டு அரித்துப்போகும். ஒருநாள் வீட்டு வாசலில் வளைத்துத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். வாசலில் நடந்தால் அதிர்ஷ்டம், ஆரல்வாய்மொழி காற்றில் எண்பதில் போகும்போது நடந்தால் என்ன ஆகும்? அண்ணன் மகன் வண்டியை எங்கள் கரமனைப் பக்கத்து ஆசான் கழற்றியபோது இரண்டு பக்கமும் காய்ந்த கிரீஸ்தான். ஒரு தண்டில் மரை பாதி இல்லை. இரண்டையும் மாற்றினோம். இப்போது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அடியில் சொட்டு வரும்வரை எண்ணெய் விடுகிறான்.

பிரேக் திரவமும் ஈரத்தை இழுக்கும் ஜாதி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றவேண்டும். அந்த நாள் வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய் வழி. ஒரு இடம் போனால் எல்லாம் போச்சு. டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். சங்குமுகம், கோவளம் போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவவும். ஹெரால்டின் சட்டத்துக் கைகள் உள்ளிருந்து துருப்பிடிப்பவை.

வாரம் ஒருநாள் இருபது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் உறுமவிடுவது உதவி அன்று, உபத்திரவம். இஞ்சின் முழுச் சூடாகாமல் எண்ணெயிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும். நம் நகரத்தில் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அவர்களின் கேன் 42 என்ற பென்ஸ் 180 காரைத் தெரியாதவர் குறைவு. 2013-ல் அவர் மறையும்வரை பல பத்தாண்டுகள் கூடவே இருந்தது. அது ஓடிய தூரத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். பூட்டிவைத்த தூரத்தை யாரும் சொன்னதில்லை.

சட்டம் பற்றி ஒன்று. 50 வயது கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக விரும்புகிறவர் யோசித்துச் செய்யவேண்டும். அண்ணன் மகன் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறான்.

ஐப்பசியில் நாகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு போய்வந்தான். புறப்படுமுன் பானெட்டைத் திறந்து குழாயைத் தடவிப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னான். புதுக் குழாயில் மாற்றிய தேதியை வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறான். அடுத்த மாற்றம் இரண்டு வருஷம் கழித்து, இடவப்பாதிக்கு முன்.