செய்தல், செய்வித்தல், உடன்படுதல்: விளையாட்டுக் குழுக்களில் புகையிலை விலக்கு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வேலை நிமித்தம் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள், ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்து நண்பர்களுடன் கிரிக்கெட்டும் கபடியும் ஆடுகின்றனர். புகையிலையைத் தீண்டலாகாது என்று குழுவில் விதி செய்வது எளிது. அடுத்த ஆண்டுவரை அவ்விதி நிலைப்பது அரிது. அதற்குரிய காரணத்தைச் சிராவக ஒழுக்கத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

பாவம் நுழையும் வாயில்கள் மூன்று என்பது நாம் அறிந்ததே. தானே செய்தல் கிருதம். பிறரைக்கொண்டு செய்வித்தல் காரிதம். செய்தாரை உடன்படுதல் அனுமோதனை. குழுக்களின் விதியோ பெரும்பாலும் முதல் வாயிலை மட்டுமே அடைக்கிறது. அதையும் முழுமையாக அடைப்பதில்லை. பெரியோர் புகை நாற்றத்தையே தேடுகின்றனர். மாவாவையோ, உதட்டுக்குள் அடக்கும் சிறு பொட்டலத்தையோ வைத்துக்கொண்டு பிள்ளை களத்திலேயே நிற்கலாம். குட்காவுக்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்த பின்னரும் இவை மறைவாகக் கைமாறுகின்றன.

இரண்டாம் வாயில் இன்னும் அகன்றது. ஆட்டம் முடிந்ததும் மூத்தவர் ஒருவர் பத்தாம் வகுப்புப் பையனிடம் பணம் கொடுத்து, "தம்பி, கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கி வா" என்கிறார். பையன் புகைக்கவில்லையே, விதி எங்கே கெட்டது என்று எண்ணுகிறோம். கடையும் விலையும் கேட்கும் முறையும் அவனுக்குப் பழகிவிட்டன என்பதை மறந்துவிடுகிறோம். 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். குழந்தைக்குப் புகையிலை கொடுப்போருக்கு 7 ஆண்டுவரை கடுங்காவல் விதிக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

ஆயினும் சட்டத்திற்கும் எல்லை உண்டு. விற்பனைத் தடை கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள்தான். தொழிற்பேட்டையை ஒட்டிய காலி மனை கல்வி நிலையம் அன்று. புகைபிடிக்கத் தடையுள்ள 'பொது இடம்' என்பதன் வரையறையிலும் திறந்தவெளி சேராது. எனவே அத்தகைய மைதானத்தில் குழுவின் விரதம் ஒன்றே வேலி.

மூன்றாம் வாயில் பரிசுக் கோப்பையின் வழியே திறக்கிறது. 1996 உலகக் கோப்பைக்கு ஒரு சிகரெட்டின் பெயரையே சூட்டியிருந்தனர். சேப்பாக்கத்திலும் அதன் காலிறுதி ஆட்டம் ஒன்று நடந்தது. வீட்டில் புகையிலையை அறியாத நம் பிள்ளைகளும் அப்பெயரை நாள்தோறும் உச்சரித்தனர். அக்காலத்தில் சக ஆட்டக்காரர் பலர் சிகரெட் நிறுவனச் சின்னங்களை மட்டையில் ஒட்டிக்கொண்டபோது, தாம் சின்னமில்லா மட்டையுடன் ஆடியதாகச் சச்சின் டெண்டுல்கர் பின்னாளில் கூறியுள்ளார். புகையிலைக்கு விளம்பரம் செய்வதில்லை என்று தந்தைக்கு வாக்களித்திருந்தாராம். 2003 சட்டம் அவ்விளம்பரங்களைத் தடுத்துவிட்டது. இப்போது பான் மசாலாவின் பெயர் ஏலக்காய்ப் போர்வையில் வருகிறது. பனியனும் கோப்பையும் தருவோர் யார் என்று நம் குழுக்கள் கேட்பதுண்டா?

இனி, தவறிய பிள்ளையை என்செய்வது? நீக்கிவிடுவதே பலர் முடிவு. நிக்கோடின் அடிமைப்படுத்தும் பொருள். மனவுறுதி ஒன்றால் மட்டும் உடனே விடுபடுவோர் சிலரே. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணமும் ஒன்று; வழுவியோரை மீண்டும் நிலைநிறுத்துவது அது. துறவு பூண்ட நண்பர் மனம் தடுமாறியபோது, வாரிஷேண முனிவர் அவரை விலக்கிவிடவில்லை. உடன் அழைத்துச் சென்று தெளிவித்தார். அப்பிள்ளையை இரண்டு ஆட்டங்களுக்கு நிறுத்திவைக்கலாம். பயிற்சிக்கு அவன் வந்தே தீரவேண்டும். புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800 112 356. பெற்றோருள் ஒருவர் அவனுடன் அமர்ந்து அழைப்பது நன்று.

ஆயுள் முழுவதற்குமான விரதம் யமம். கால எல்லை வகுத்து ஏற்பது நியமம். தடுமாறும் பிள்ளையிடம் யமத்தைக் கேட்டால் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். இந்த ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறுவரை என்று அவனை நியமம் ஏற்கச் செய்யலாம். கடைக்கு அனுப்பிய மூத்தவரும் அவனருகில் நின்று அதே நியமத்தை ஏற்கட்டும்.