கிழமைக்கு ஒரே நாள் போடும் மாத்திரை



மூட்டுவாதத்தில் நம் எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டைத் தாக்குகிறது. அதை அடக்கத்தான் கிளினிக்கில் மெதொட்ரெக்சேட் மாத்திரை தருகிறார்கள்.

இதைக் கிழமைக்கு ஒரே நாள்தான் போடவேண்டும். "கை வலிக்குது, கொழுந்து எடுக்க ஏலாது" என்று தினமும் போட்டால் வாய் புண்ணாகும், இரத்தம் ஊறுவது குறையும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன நாளைக் கலண்டரில் வட்டம் போடுங்கள். மறந்துபோனால் இரட்டிப்பாகப் போடாமல் கிளினிக்கில் கேளுங்கள். போலிக் அமில மாத்திரை தந்தால், அதைச் சொன்ன நாளில் போடுங்கள்.

இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சாராயம் வேண்டாம். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கர்ப்பிணிகள் இதைப் போடவே கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பராவுக்கு இரவல் கொடுக்காதீர்கள்.