கோமுகம் வரை ஒரு கணக்கு

“காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. காசியிலேயே தங்கிப் படிக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். 2025 ஜூன் மாதத்தில் காசிக்கும் அப்பால், கங்கை பிறக்கும் இடம் வரை போய் வந்த பிறகுதான் இதன் பொருள் எனக்குச் சற்று விளங்கிற்று. நாம் எங்கே போனாலும் நம் செய்கையின் பலன் கூடவே வருகிறது. சில சமயம் நாம் திரும்பிய பின்னரும் அது அங்கேயே தங்கிவிடுகிறது.

நான் ஈரோட்டுப் பக்கத்தவன். இரசாயனத்தில் முதுகலை பயில இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தேன். ரயிலில் கிருஷ்ணை, கோதாவரி, நர்மதை என்று ஒவ்வோர் ஆறாகக் கடந்து வந்தபோது பிடித்த பிரயாணப் பித்து இன்னும் தெளியவில்லை. ஆகவே நண்பர்கள் பதினாறு பேர் கோமுகம் போகத் துணிந்தபோது, ஏற்பாடுகளையெல்லாம் நானே ஏற்றுக்கொண்டேன்.

ஹரித்துவாரம் வரை ரயில். அங்கிருந்து கங்கோத்ரிக்குப் போய்வரச் சுமார் 580 கிலோமீட்டர் மலைப்பாதை. “பஸ்ஸில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தமாட்டான்” என்று சொல்லி, நான்கு மோட்டார் வண்டிகள் அமர்த்தினேன். அன்று போடத் தவறிய கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 730 கிராம் கரி இருக்கிறது. எரியும்போது 12 பங்கு கரி, 32 பங்கு பிராணவாயுவுடன் கூடி 44 பங்கு கரியமிலவாயு ஆகிறது. எனவே ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். ஊற்றிய எண்ணெயைவிட வெளிவரும் வாயு எடை மிகுந்தது! மலைப்பாதையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 48 லிட்டர் வேண்டும். அதாவது 130 கிலோ வாயு. வண்டிக்கு நான்கு பேர் என்றால், ஆளுக்கு 32 கிலோவுக்கு மேல். லிட்டருக்கு 4 கிலோமீட்டரே ஓடும் பஸ்ஸில் 35 பேர் ஏறினால், ஆளுக்கு 11 கிலோதான். நினைத்த இடத்தில் நிறுத்தும் சுகத்துக்கு நாங்கள் மூன்று மடங்கு விலை கொடுத்திருக்கிறோம். அந்த விலையைக் கொடுத்தது எங்கள் பை அன்று. அந்த மலையின் காற்று.

இதோடு டீசல் புகையில் நுண்ணிய கரித்தூளும் உண்டு. புதிதாகப் பெய்த வெண்பனி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அதன்மேல் கரித்தூள் படிந்தால் ஒளியை உள்வாங்கிச் சூடேறும். பனி விரைந்து உருகும். கோடையில் வெள்ளைச் சட்டை போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கங்கோத்ரியிலிருந்து கோமுகம் 18 கிலோமீட்டர் நடை. நாள் ஒன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி என்று வனத்துறை வரம்பு வைத்திருக்கிறது. சாவடியில் எங்கள் பைகளைத் திறந்து, பிளாஸ்டிக் பொருள்களை எண்ணி எழுதி, முன்பணம் வாங்கிக்கொண்டனர். எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவந்தால் பணம் திரும்பும். நம் நீலகிரியிலும் 2022 முதல் மதுப் புட்டிகளுக்குப் பத்து ரூபாய் வைத்து இதே உபாயத்தைக் கையாளுகிறார்கள். உபதேசத்தால் வராத ஒழுக்கம் முன்பணத்தால் வந்துவிடுகிறது!

வழியில் போஜ்பாஸா என்னும் இடம். பழங்காலத்தில் நூல் எழுதப் பட்டை உரித்த போஜ் மரங்களால் அதற்கு அப்பெயர். அம்மரங்கள் விறகுக்கு வெட்டப்பட்டு அருகிப் போயின. அங்கிருந்து நான்கு கிலோமீட்டரில் பனியாற்றின் வாய். 1935இல் அது நின்ற இடத்தை ஆடன் என்ற நிலவியல் அறிஞர் படம் வரைந்து குறித்தார். அதன்பின் அறுபது ஆண்டுகளில் அது ஆயிரம் மீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. எங்கள் நான்கு வண்டிகள் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. ஆயினும், “என் ஒரு குடம் பாலில்லாவிட்டால் என்ன?” என்று எல்லாரும் தண்ணீர் ஊற்றிய கதை நாம் அறிந்ததே.

இனி நான் மறைக்காமல் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. போகும் வழியில் தராலி என்ற ஊரில் இரவு தங்கினோம். ஓர் அம்மையாரின் சிறு விடுதி. கைவசம் இருந்தவை மேட்டுப்புறத்து அறைகள். “ஓடை தெரியும் அறைதான் வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அவர் பக்கத்து விடுதிக்காரரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். அதற்கு இரட்டிப்பு வாடகை. “எல்லாரும் இதையே கேட்கிறார்கள், மகனே. அதனால்தான் எல்லாரும் ஓடைப் பக்கமே கட்டுகிறார்கள்” என்றார்.

2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் கீர் கங்கை என்னும் அந்த ஓடை, சேறும் பாறையுமாகப் பெருகி வந்து ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. பலர் மாண்டனர். நாங்கள் தங்கிய இடமும் இல்லாமற் போயிற்று. அம்மையாரின் குரலைத் தொலைபேசியில் கேட்கப் பல நாள் ஆயிற்று. உயிர் பிழைத்திருந்தார். “நீங்கள் எல்லாரும் சௌக்கியமா?” என்றுதான் முதலில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வெள்ளம் என்னால் வரவில்லை. ஆனால் வெள்ளத்தின் வழியில் அறை கட்டினால் காசு கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரை உள்ள பகுதியைப் பாதுகாப்புக்குரிய மண்டலமாக 2012இலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. சட்டம் ஒன்று சொல்ல, பிரயாணியின் ஆசை வேறொன்று சொன்னது.

“அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே, அண்ணா?” என்று விடுதித் தம்பி ஒருவன் கேட்டான். அது எளிய விடை; சரியான விடை அன்று. அவ்வூரார்க்கு வருமானம் கோயில் நடை திறந்திருக்கும் ஆறு மாதந்தான். “நீங்கள் வந்தால்தான் அடுப்பு எரியும், எல்லாரும் ஒரே நாளில் வந்தால் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்” என்று அந்த அம்மையாரே சொல்லியிருக்கிறார். இதில் முதற்பாதியை மட்டும் கேட்பது பேராசை. பிற்பாதியை மட்டும் கேட்பது இரக்கமின்மை. மேலும், பனியாற்றைக் கண்ணால் காணாதிருந்தால் நான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே மாட்டேன்.

ஆகவே போவோம், அளவோடு போவோம். இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு யோசனை கேட்டிருக்கும் செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. வண்டிகள் வேண்டாம், பொதுப் பஸ்ஸே போதும். நான்கு இரவுக்கு நான்கு ஊர் என்று ஓடாமல், ஓர் ஊரிலேயே நான்கு இரவும் தங்குவோம்; ஓட்டம் குறையும், ஊராருக்கும் நாலு காசு சேரும். கூட்டம் மிகுந்த ஜூனை விட்டு, மழை ஓய்ந்த அக்டோபரில் புறப்படுவோம். ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பியும் தட்டும் நாமே கொண்டுபோவோம். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவோம். எந்த அறை பத்திரமானது என்பதை ஊராரைக் கேட்டே எடுப்போம்.

முற்காலத்தில் நம் முன்னோர் வாழ்நாளில் ஒரு முறை காசிக்கு வந்தனர். ஒரு செம்பு கங்கை நீர் எடுத்துக்கொண்டு இராமேசுவரம் திரும்பினர். அவர்கள் எடுத்ததும் சிறிது. விட்டுச் சென்றதும் சிறிது. நமக்கு வசதி பெருகிவிட்டது. அடக்கமும் உடன் பெருக வேண்டாமா?

அடுத்த முறை அம்மையாரைக் காணும்போது, மேட்டுப்புறத்து அறையையே கேட்கப் போகிறேன்.