நன்மை தரும் நுண்ணுயிர்களும் குடல் அழற்சி நோயும்

"நீதான் காலேஜ் படிக்கிறியேப்பா, இது என்ன மாத்திரைன்னு பார்த்துச் சொல்லு" என்று எங்கள் தெருவிலுள்ள ஓர் அக்கா சென்ற ஆண்டு ஒரு மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். பெருங்குடலில் புண் உண்டாகி இரத்தம் போகும் நோய்க்கு எழுதப்பட்ட மெசலமைன் அது. அப்போது நான் முதலாண்டு மாணவன். மாத்திரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் தயிரில் நல்ல பாக்டீரியா உண்டு என்று படித்திருந்ததால், "மோர் நிறையக் குடியுங்கள் அக்கா" என்று சொல்லி வைத்தேன். அவர் மோரைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிட்டார். மூன்றே மாதங்களில் மீண்டும் இரத்தப்போக்கு. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அதன் பின்னரே இப்பொருளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-ஆம் ஆண்டுக் கணக்கீடு ஒன்று கூறுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளவை. இத்தனை அந்நிய உயிர்களை அருகில் வைத்துக்கொண்டு நம் எதிர்ப்பாற்றல் எவ்வாறு சும்மா இருக்கிறது என்ற வினா எழுவது இயல்பே. பெருங்குடலின் உட்சுவரை இரண்டு அடுக்குச் சளிப்படலம் மூடியிருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் அவை ஏறக்குறைய இல்லை எனலாம். அதையும் தாண்டி வருவனவற்றை ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்கிறது. நார்ப்பொருளைச் சில பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் அமிலத்தைத் தருகின்றன. இது குடற்சுவர்ச் செல்களுக்கு உணவு. எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் டி-செல்கள் பெருகவும் இதுவே உதவுகிறது.

குடல் அழற்சி நோயில் இந்த ஏற்பாடு குலைகிறது. பாரம்பரியமும் சூழலும் சேர்ந்து, எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. நோய் பெருங்குடலின் உட்சுவரோடு நின்றால் அது புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி. வாய் முதல் மலவாய் வரை எங்கும் தோன்றிச் சுவரின் ஆழம் வரை செல்வது குரோன் நோய்.

வெளியிலிருந்து நல்ல பாக்டீரியாவைக் கொடுத்து இதைச் சீர்செய்ய இயலுமா? இதற்குச் சுவையான வரலாறு ஒன்று உண்டு. 1917-இல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே ஒரு போர்வீரரைக் கவனித்தார். உடனிருந்தோர் சீதபேதியில் விழ, அவர் மட்டும் நலமாயிருந்தார். அவருடைய மலத்திலிருந்து நிஸ்லே பிரித்தெடுத்த ஈ.கோலை வகை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஈ.கோலை என்றாலே கெட்டது என்று எண்ணியிருந்த எனக்கு இது வியப்பளித்தது! இரும்புச் சத்தைக் கவர்வதில் இவ்வகை நோய்க்கிருமிகளோடு போட்டியிடுகிறது. குடற்செல்களைத் தூண்டி, டிஃபென்சின் என்னும் கிருமிகொல்லிப் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது.

2004-இல் வெளியான ஆய்வொன்றில், பெருங்குடல் அழற்சி தணிந்திருந்த 327 பேரில் ஒரு சாராருக்கு நிஸ்லே பாக்டீரியாவும் மறு சாராருக்கு மெசலமைனும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. முறைப்படி ஆய்வை முடித்தவர்களுள், நிஸ்லே உண்டோரில் 36.4 விழுக்காட்டினருக்கும் மெசலமைன் உண்டோரில் 33.9 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. அதாவது, பாக்டீரியா மாத்திரையை வெல்லவில்லை. ஏறத்தாழச் சமமாக நின்றது.

பெருங்குடலை அகற்றிச் சிறுகுடலால் பை அமைத்துக்கொண்டோருக்கு அப்பையில் வரும் அழற்சியில் பயன் தெளிவாகத் தெரிந்தது. 2000-ஆம் ஆண்டு ஆய்வில், எட்டு வகைப் பாக்டீரியாக் கலவை உண்ட 20 பேரில் மூவருக்கே நோய் திரும்பியது. வெற்று மருந்து உண்ட 20 பேருக்கும் திரும்பியது. குரோன் நோயிலோ இதுவரை உறுதியான பயன் காணப்படவில்லை. பெருங்குடல் அழற்சி, குரோன் நோய் இரண்டிலும் ஆய்வுக்குள் மட்டுமே இவற்றைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020-இல் அறிவுறுத்தியது.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். பயன் பாக்டீரியாவின் இனத்தோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட வகையையும் அளவையும் பொறுத்தது. வீட்டுத் தயிரிலுள்ள லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் உறைமோருக்கு உறைமோர் வேறுபடும். நிஸ்லே வகை அதில் இல்லை. மற்றொன்று, நல்லது என்ற பெயர் பெற்ற உயிரும் உயிரே. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துண்போர் சிலருக்கு இத்தகைய பாக்டீரியா இரத்தத்தில் கலந்து தொல்லை தந்ததுண்டு. நிஸ்லே வகையே மரபுப்பொருளைச் சேதப்படுத்தவல்ல கோலிபாக்டின் என்னும் நச்சை உண்டாக்கும் மரபணுக்களைக் கொண்டது என்பது 2006-இல் தெரியவந்தது.

இவற்றையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மோர் குடிக்கலாமா, கூடாதா?" என்றார். ஒத்துக்கொண்டால் உணவாகக் குடிக்கலாம், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்றேன். சீட்டை எடுத்து வந்து, அடுத்து எந்தத் தேதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லச் சொன்னார்.